முதல் சுற்றில் முடிந்துவிடும் சண்டைகளும் நாம் பார்க்காத எதிர்மூலையும்

“சேர், இவனுக்கு இருபது வயசுதான். இஞ்ச பாருங்கோ.”

மாலை வகுப்பு முடிந்து உடையார்கட்டுச் சந்தியில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியைக் கடப்பதற்காக நின்றுகொண்டிருந்தபோது, சாதாரண தரம் படிக்கும் மாணவன் ஒருவன் தன் அண்ணனின் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் 2025 ஆகஸ்ட் 16ஆம் திகதி ரியாத்தில் நடந்த பாரந்தூக்கு எடைப் பிரிவுக் குத்துச்சண்டை ஓடியது. பிரித்தானியாவின் மோசஸ் இட்டாவுமா, டில்லியன் வைட் என்ற அனுபவசாலியை இரண்டு நிமிடம்கூட ஆகாமல் வீழ்த்திவிட்டார். பொடியனின் கண்கள் பளபளத்தன. லண்டனில் இருக்கும் மாமா அனுப்பிய காணொளி அது.

“மற்றவருக்கு எத்தனை வயது?” என்று கேட்டேன்.

“தெரியாது சேர்.”

வைட்டுக்கு அப்போது 37 வயது. இட்டாவுமா பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவர் பெரிய பெரிய அடிகளை வாங்கி முடித்துவிட்டார். அதை அந்தக் காணொளி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை, அது விளம்பரம்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் இப்போது புத்தளத்தில் படிப்பிக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவருடைய மகன்மாரின் தொலைபேசியிலும் இதே கதைதானாம். ஹம்ஸா ஷீராஸ், அடம் அஸீம், அப்துல்லா மேசன் என்று பெயர்களை அடுக்குகிறார்களாம். “நம்மட பேர் உள்ள பிள்ளைகள் வெல்லும்போது ஒரு சந்தோஷம் வரத்தானே செய்யும்” என்றார். வரும்தான். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் வளர்ந்துவரும் தொழில்முறை வீரர் ஒருவரின் வெற்றிப் பட்டியலை எப்படி வாசிப்பது என்று நம் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிரிக்கெட்டிலோ உதைபந்தாட்டத்திலோ யார் யாரோடு மோதுவது என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படியொரு அட்டவணை கிடையாது. ஏற்பாட்டாளர் நம்பிக்கை வைத்த இளைஞருக்கு எதிராளியைத் தேடிப் பொறுக்கி எடுக்கிறார். முதல் பத்துப் பதினைந்து சண்டைகள் பெரும்பாலும் பாடம்தான். உயரமானவரோடு ஒன்று, இடக்கையரோடு ஒன்று, அடி வாங்கினாலும் விழாதவரோடு ஒன்று என்று வைப்பார்கள். பின்னர், பெயர் பெரிதாகவும் கால்கள் தளர்ந்தும் இருக்கிற முன்னாள் சம்பியன் ஒருவரைக் கொண்டுவருவார்கள். 2025 பெப்ரவரி 1ஆம் திகதி லண்டன் வெம்பிளி அரங்கில் 22 வயதான அடம் அஸீம், சேர்ஜி லிபினெட்ஸை ஒன்பதாம் சுற்றில் நிறுத்தினார். லிபினெட்ஸ் முன்னாள் உலக சம்பியன், வயது 35. அஸீம் வேகமானவர், கைகள் அழகாக ஓடுகின்றன, அதை மறுக்க முடியாது. ஆனாலும் சுவரொட்டியில் “முன்னாள் உலக சம்பியனை வென்றவர்” என்று போடும்போது அந்த “முன்னாள்” என்ற சொல்லை இருமுறை வாசிக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் மறுபக்கத்தை அறிய விரும்புகிறவர்கள் இங்கிலாந்தின் பீற்றர் பக்லியைத் தேடிப் பார்க்கலாம். 300 தொழில்முறைச் சண்டைகள். 32 வெற்றி, 256 தோல்வி, 12 சமநிலை. வளர்ந்துவரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதுதான் அவருடைய வேலை. யெமன் வேர்களைக் கொண்ட ஷெஃபீல்ட் இளைஞர் நஸீம் ஹமீத் உலகப் புகழ் பெறுவதற்கு முன்னர், 1992இலும் 1994இலும் அவரோடு மேடையேறியவர் இந்தப் பக்லிதான். 2008இல் தன் 300ஆவது சண்டையில் வென்றுவிட்டு ஓய்வுபெற்றார். (நஸீம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வன்னியில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். அவரை நான் கண்டதெல்லாம் இருபது வருடம் கழித்து யூரியூப்பில்.) ஒரு பக்கத்தில் 20 – 0 என்று மின்னும் பட்டியல் இருந்தால், எதிர்மூலையில் பல பக்லிகள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பகிரும் காணொளிகளில் அவர்களுடைய பெயர்கள்கூட முழுதாக வருவதில்லை.

ஆகவே ஒரு இளைஞர் உண்மையில் எவ்வளவு பெரியவர் என்பது முதல் சுற்றில் முடிந்த சண்டையிலிருந்து தெரியாது. திட்டமிட்டபடி நடக்காத இரவிலிருந்துதான் தெரியும்.

ஹம்ஸா ஷீராஸ் இதற்கு நல்ல உதாரணம். லண்டனுக்கு அருகே ஸ்லோவில் 1999இல் பிறந்தவர். பாகிஸ்தான் வேர்களைக் கொண்ட குடும்பம். 2025 பெப்ரவரி 22ஆம் திகதி ரியாத்தில் டொமினிக்கன் குடியரசின் கார்லோஸ் அடம்ஸை எதிர்கொள்ளும்வரை 21 சண்டை, 21 வெற்றி, அதில் 17 நொக்அவுட். பந்தயக்காரர்கள் அவர் பக்கம். ஆனால் அன்றிரவு அவருடைய குத்துகள் வெளியே வரவே இல்லை. அடம்ஸ் முன்னேறிக்கொண்டே இருந்தார், ஷீராஸ் கயிற்றோரமாகப் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு சுற்றும் முடிந்ததும் ஒரு நடுவர் 118 – 110 என்று அடம்ஸுக்கும், ஒருவர் 115 – 114 என்று ஷீராஸுக்கும், மற்றவர் 114 – 114 என்றும் புள்ளியிட்டனர். சமநிலை. பட்டம் அடம்ஸிடமே தங்கியது. பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு அடம்ஸ் வென்றதாகவே தோன்றியது; எனக்கும் அப்படித்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஷீராஸ் ஆறடி மூன்று அங்குல உயரம். அந்த உடம்பை 72.5 கிலோவுக்குள் அடக்கித்தான் அவர் அதுவரை மோதினார். சண்டைக்கு முதல்நாள் எடை பார்ப்பார்கள். அதற்காகக் கடைசி நாட்களில் சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, வியர்வையாக உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுவார்கள். எடை பார்த்து முடிந்ததும் குடித்துச் சாப்பிட்டு மறுநாள் மேடையேறுவார்கள். தசைக்கு நீர் ஓரளவு சீக்கிரம் திரும்பிவிடும். மூளையைச் சுற்றியுள்ள நீர்மமும் அதே வேகத்தில் பழைய நிலைக்கு வருமா என்பதுதான் மருத்துவர்களின் கவலை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பழக்கம் இந்த விளையாட்டின் மிக மோசமான பகுதியாகத் தெரிகிறது. சமநிலைக்குப் பின்னர் ஷீராஸ் பயிற்றுநரை மாற்றினார். அயர்லாந்தின் முன்னாள் சம்பியன் அண்டி லீயிடம் போனார். எடைப் பிரிவையும் 76.2 கிலோவுக்கு உயர்த்தினார். ஜூலை 12ஆம் திகதி நியூயோர்க்கில் எட்கார் பெர்லாங்காவை நான்காம் சுற்றில் இருமுறை விழுத்தி ஐந்தாம் சுற்றில் முடித்தார். உடம்பைப் பட்டினி போடாத ஷீராஸ் வேறு ஆளாக இருந்தார். அந்த 17 நொக்அவுட்டும் சொல்லித்தராத பாடத்தை ஒரு கசப்பான சமநிலை சொல்லிக்கொடுத்தது.

அப்துல்லா மேசனின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்தவர், இடக்கையர், தகப்பனே பயிற்றுநர், சகோதரர்களும் குத்துச்சண்டைக்காரர்கள். 2024 நவம்பரில், 20 வயதில், யோஹான் வாஸ்கெஸ் என்பவரிடம் முதல் சுற்றிலேயே இருமுறை விழுந்தார். அதுவரை அவரைத் தலையில் தூக்கிவைத்தவர்கள் அந்த ஒரு நிமிடம் வாயடைத்துப் போயிருப்பார்கள். எழுந்து, இரண்டாம் சுற்றில் சண்டையை முடித்துவிட்டார். ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பர் 22ஆம் திகதி, அதே ரியாத்தில், அதுவரை தோல்வியே காணாத சாம் நோக்ஸை எதிர்த்துப் பன்னிரண்டு சுற்றும் நின்று புள்ளிகளில் வென்று லைட்வெயிற் உலகப் பட்டங்களில் ஒன்றைப் பெற்றார். 21 வயது. அடித்து விழுத்தும் பிள்ளையென்று பெயரெடுத்தவர் விழுத்த முடியாத ஒருவரோடு முப்பத்தாறு நிமிடம் பொறுமையாக நின்றார். என்னைக் கேட்டால், புதிய தலைமுறையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தச் சண்டையைத்தான்.

நம் பக்கத்து நாட்டிலிருந்தும் ஒருவர் இந்தப் பாதையில் இறங்கியிருக்கிறார். ஹரியானாவின் கர்னாலைச் சேர்ந்த நிஷாந்த் தேவ் 2023 உலகச் சம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றவர். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் 4 – 1 என்று தோற்றார். அந்தத் தீர்ப்பு பற்றி இந்தியாவில் பெரிய சர்ச்சை எழுந்தது. 2025 ஜனவரி 25ஆம் திகதி லாஸ் வேகாஸில் தொழில்முறையில் அறிமுகமாகி முதல் சுற்றிலேயே வென்றார். அவர் எங்கே நிற்பார் என்று சொல்ல இது மிகவும் முந்திய நேரம். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு ஏணி இருந்தது. மாநில முகாம், தேசிய முகாம், மூன்று சுற்றுக் கொண்ட அமெச்சூர் போட்டிகள், மருத்துவர்கள். அந்த ஏணியின் உச்சிப் படியிலிருந்துதான் அவர் தொழில்முறைக்குத் தாவினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வன்னிக்கு வரும்போது தேவைப்படும்.

மேலே ரியாத் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்திருப்பீர்கள். 2019 டிசம்பரில் திரிய்யாவில் அந்தனி ஜோஷுவா – அண்டி ரூயிஸ் மறுசண்டை நடந்ததிலிருந்து, உலகக் குத்துச்சண்டையின் பணப்பெட்டி மெல்ல மெல்ல அங்கே நகர்ந்துவிட்டது. இதில் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையல்ல. ஏற்பாட்டாளர்கள் ஆளுக்காள் முகம் திருப்பிக்கொண்டு பல வருடம் தள்ளிப்போட்ட சண்டைகள் இப்போது நடக்கின்றன. 2024 மே மாதம் உசிக் – பியூரி மோதியதும், கால் நூற்றாண்டுக்குப் பின் பாரந்தூக்கு எடையில் ஒரே சம்பியன் என்ற நிலை வந்ததும் அந்தப் பணத்தால்தான். ஆனால் அந்தப் பணத்தைக் கையாளும் துர்க்கி ஆலுஷ்ஷெய்க், 1922 முதல் வெளிவரும் ‘த ரிங்’ சஞ்சிகையையும் 2024இல் வாங்கிவிட்டார். யார் சிறந்தவர் என்று தரவரிசை போடும் சஞ்சிகையும், யார் யாரோடு மோதுவது என்று பணம் கொடுத்து ஏற்பாடு செய்யும் கையும் ஒன்றாகிவிட்டால், பரீட்சை எழுதும் பிள்ளையின் தகப்பனே விடைத்தாள் திருத்துகிறமாதிரி. எங்கள் பாடசாலையில் அதற்கு அனுமதி இல்லை.

இன்னொரு விடயம் இந்த வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். 1987 ஒக்டோபரில், ஹிஜ்ரி 1408 ஸபர் மாதம், மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை தன் பத்தாவது அமர்வில், இன்று நடைமுறையில் உள்ள குத்துச்சண்டை மார்க்கத்தில் ஆகாதது என்று முடிவெடுத்தது. முகத்தில் அடிக்க வேண்டாம் என்ற நபிமொழியையும் மக்கள் அறிவார்கள். மார்க்கத் தீர்ப்புப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. அதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது அந்த முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணம்தான். ஒருவர் மற்றவருக்குக் கடும் தீங்கு செய்வதை அனுமதிக்கப்பட்டதாக ஆக்கும் விளையாட்டு. அது பார்வை இழப்புக்கும் மூளைப் பாதிப்புக்கும் மரணத்துக்கும் கொண்டுபோகக்கூடும், அடித்தவருக்கோ பொறுப்பில்லை. இந்தக் காரணத்தை எந்த மேடையோர மருத்துவரிடம் காட்டினாலும் அவர் மறுக்கமாட்டார்.

2025 பெப்ரவரி முதலாம் திகதி, அடம் அஸீம் லண்டனில் வென்ற அதே இரவு, பெல்ஃபாஸ்ட்டில் ஜோன் கூனி என்ற அயர்லாந்து வீரர் தன் பட்டத்தைக் காத்துக்கொள்ள மேடையேறினார். ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார். ஆகஸ்ட் 2ஆம் திகதி டோக்கியோவின் கொராக்குவென் மண்டபத்தில் ஒரே இரவில் மோதிய ஷிகெதோஷி கோத்தாரி, ஹிரோமாசா உராகாவா இருவரும், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் இரத்தம் கசிந்து, சத்திரசிகிச்சை செய்தும் பிழைக்காமல், ஒருநாள் இடைவெளியில் இறந்தனர். கோத்தாரி பன்னிரண்டு சுற்றும் நின்று சமநிலை பெற்றவர். தோற்கவில்லை. மூவருக்கும் வயது 28. மூவரும் வளர்ந்துவரும் வீரர்கள் என்றே எழுதப்பட்டவர்கள். அதன் பிறகுதான் ஜப்பானில் கிழக்காசியப் பட்டச் சண்டைகளைப் பன்னிரண்டு சுற்றிலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். டோக்கியோ மண்டபத்தில் மருத்துவர் இருந்தார், நல்ல மருத்துவமனை அருகில் இருந்தது. அப்படியிருந்தும் நடந்தது.

அலியின் பெயரைச் சொல்லாமல் நம் வீடுகளில் குத்துச்சண்டை பற்றிப் பேச முடியாது. 1980 தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து நேரு அரங்கில் ஜிம்மி எல்லிசோடு காட்சிச் சண்டை செய்தார். பார்த்தவர்கள் இன்றும் கதைகதையாகச் சொல்வார்கள். அதே வருடம் ஒக்டோபரில், ஓய்விலிருந்து திரும்பி, 38 வயதில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடி வாங்கினார். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று அறிவிக்கப்பட்டது. சென்னைப் படங்களைச் சட்டமிட்டு மாட்டுகிறோம், அந்த ஒக்டோபரை ஒருவரும் மாட்டுவதில்லை.

எங்கள் ஊரில் தலைக்காயம் என்பது படத்தில் பார்த்த விடயம் அல்ல. 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உடையார்கட்டும் ஒன்று. அதன் பின்னர் மண்டையோட்டுக்குள் சன்னத்தோடு வாழ்கிறவர்கள் என் மாணவர்களின் தாய் தகப்பன்மாரில் இருக்கிறார்கள். வெயிலில் நின்றால் தலையிடி, திடீரென்று ஞாபகம் போகும், காரணமில்லாமல் கோபம் வரும். பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்து வைக்க மறந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். காணொளி காட்டிய பொடியனின் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. அவனிடம் நான் மூளையைப் பற்றி விளக்கப் போகத் தேவையில்லை.

ஆனால் “வேண்டாம்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடவும் என்னால் முடியவில்லை. காரணம் கரிப்பட்டமுறிப்பு. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ள அந்தக் கிராமத்தைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூரில் நடந்த போட்டியில் தங்கப் பதக்கம் வென்று திரும்பினார். அது கிக் பொக்சிங் வகையைச் சேர்ந்த போட்டி. பத்திரிகைகள் குத்துச்சண்டை என்றே எழுதின. முல்லைத்தீவே மாலை போட்டது. அரசியல்வாதிகள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். எங்கள் பெண்பிள்ளைகள் இரண்டு மூன்று மாதம் வேறு கதையே கதைக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளை நம் மண்ணில் உருவாக முடியும் என்று அவர் காட்டிவிட்டார். அவருக்குப் பின்னால் வரும் பிள்ளை எங்கே பயிற்சி எடுக்கும் என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை. உடையார்கட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரத்தில், ஒழுங்கான மேடையும், தகுதி பெற்ற பயிற்றுநரும், பக்கத்தில் மருத்துவரும் உள்ள ஒரு கூடம் எனக்குத் தெரிந்து கிடையாது. மரத்தில் கட்டித் தொங்கவிட்ட மண்மூட்டை இருக்கிறது.

நாட்டின் மற்றப் பக்கங்களில் பாடசாலைக் குத்துச்சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்டப்ஸ் கேடயம் நூறு வருடத்துக்கும் மேலானது. கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த ரி.பி. ஜாயாவின் பெயரிலும் ஒரு கேடயம் இருக்கிறது. 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிக்கஸ் பேரரசு விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது அந்த மரபிலிருந்துதான். 72 வருடம் கழித்து 2010இல் டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையில் மறுபடி தங்கம் வென்று, ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கிப் பதக்கத்தை இழந்ததும் இதே வரலாறுதான். அந்தக் கேடயங்களின் பட்டியலில் வன்னிப் பாடசாலைகளைத் தேடினால் கண் வலிக்கும். அடியை மட்டும் காட்டும் தொலைபேசி எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது. அடியைத் தடுக்கவும், எண்ணிப் பார்க்கவும், போதும் என்று நிறுத்தவும் பழக்கும் இடம் கிடைக்கவில்லை. தலைக்கவசத்தோடும் மூன்று சுற்றோடும் முடியும் பாடசாலைப் போட்டிக்கும் ரியாத்தின் பன்னிரண்டு சுற்றுக்கும் இடையில் இருக்கிற தூரம், இரண்டையும் பார்த்திராத பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பொடியனிடம் நான் தடையும் போடவில்லை, ஆசீர்வாதமும் செய்யவில்லை. ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். ஷீராஸ் – அடம்ஸ் சண்டையை முதலிலிருந்து கடைசிவரை, வெட்டாமல், பன்னிரண்டு சுற்றும் பார்த்து ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். வென்றவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. மற்றவர்கள் போட்ட புள்ளியைப் பார்க்கக்கூடாது.

நாலு நாள் கழித்து அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். இடையில் டேட்டா முடிந்து மாமாவிடம் கெஞ்சிப் போடவேண்டி வந்ததாம். ஏழாம் சுற்றில் நித்திரை வந்துவிட்டதாம், எழும்பித் திரும்பவும் பார்த்தானாம். இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தியிருந்தான். கூட்டல் சரியாக இருந்தது.

“ஆர் வெண்டது?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அடம்ஸ்தான் சேர்” என்றான்.